தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நிதி கேட்கிறீர்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பொகவந்தலாவையிலிருந்து ஓர் ஆசிரியை: சேர், பெற்றோர் கொழுந்து பறிப்பவர்கள், வசதி குறைந்த பாடசாலை என்று உருக்கமாக இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை.

டீச்சர், அதே இரண்டு பக்கத்தைத்தான் எல்லாத் தோட்டங்களிலிருந்தும் அனுப்புகிறார்கள். மலையகத்தில் கஷ்டம் என்பது நிதி தருபவர்களுக்குத் தெரியும், உங்கள் தரம் 3இல் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. கூரை ஒழுகுகிறது என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், பாடசாலையில் நடப்பதைப் பதிந்துவைக்கும் சம்பவத்திரட்டை எடுத்து, மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததிலிருந்து எத்தனை நாள் தரம் 3 பிள்ளைகளைத் தரம் 4 வகுப்பில் நெருக்கி உட்காரவைத்தீர்கள் என்று எண்ணிப் போடுங்கள். வாளி வைத்திருக்கும் மூலையை ஒரு படம் எடுங்கள், போதும்.

மஸ்கெலியா: தொண்டர் ஆசிரியருக்குக் கொடுப்பனவு கேட்கலாமா?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1989இல் தொடங்கிய ஜப்பானின் அடிமட்ட மானியத் திட்டம் கட்டடம், உபகரணம் மாதிரியானவற்றுக்குத்தான், அன்றாடச் செலவுக்கு இல்லை. விதிமுறையை வாசிக்காமல் எழுதினால் முதல் மேசையிலேயே போய்விடும்.

பதுளை: புது வகுப்பறைக்கு வரைபடம் தயார். வேறென்ன வேண்டும்?

காணி யார் பெயரில் என்று முதலில் பாருங்கள். அப்புறம் மண்சரிவு. நம் பக்கம் கட்டடம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும், அதை நிதி கிடைத்த பிறகு தேடி ஓடினால் காலக்கெடு முடிந்துவிடும்.

தலவாக்கலை: கணினி இருபது கேட்கலாம் என்று அதிபர் சொல்கிறார்...

நானும் ஒரு காலத்தில் இருபது கேட்டேன், கிடைத்தது! எட்டைப் போட்டதுமே மின்சாரம் விழுந்தது, மிச்சம் பன்னிரண்டும் பெட்டிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்தன. அடுத்த வருடம் அதே நிறுவனத்திடம் போனபோது, எங்களைக் கேட்காமலே கோப்பை மூடிவிட்டார்கள், குற்றம் என்னுடையதுதான். வயரிங், பூட்டு, பழுது பார்ப்பவரின் கூலி எல்லாம் செலவுப் பட்டியலில் வரட்டும். ஆறு கணினி போதுமென்றால் ஆறே கேளுங்கள்.

ஹட்டன்: பணத்தை என் கணக்குக்கு வாங்கலாமா சேர்? சீக்கிரம் வருமாம்.

வேண்டாம் தம்பி. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு வாங்குங்கள், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.