வாத்தியாரைக் கேளுங்க: பஷ்தோவா, பக்தோவா?

போன இதழில், வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து படிக்கும் இரண்டு ஆப்கான் மாணவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அவர்கள் பேசும் பஷ்தோ மொழியைக் கேட்கக் கேட்க நம் தமிழ் இலக்கணமே எனக்கு இன்னும் துலங்குகிறது என்றும் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை பக்கம் முழுக்க அவற்றுக்கே. 'ஜீரோ' என்னும்போது வரும் ஒலியை ஃஜ என்றும், தொண்டையில் உரசி வரும் ககரத்தை ஃக என்றும் எழுதியிருக்கிறேன், அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நீங்கள் பஷ்தோ என்கிறீர்கள். வேறு சிலர் பக்தோ என்கிறார்கள். அதைப் பேசும் மக்களையும் பஷ்தூன், பக்தூன் என்று இரண்டு விதமாகப் படிக்கிறேன். எதுங்க சரி?
(கல்லூரி மாணவி, ஈரோடு)

இரண்டும் சரிதான் அம்மணி. எழுத்து ஒன்று, உச்சரிப்புதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அந்தப் பெயரின் நடுவில் வருவது, அரபு எழுத்தில் புள்ளிகள் சேர்த்து பஷ்தோவுக்கென்றே உண்டாக்கிய ஓர் எழுத்து. கந்தஹாரில் அதை நாக்கை மேலே மடித்து ஷகரமாகச் சொல்கிறார்கள். குவெட்டா பக்கம் நாக்கு மடியாத ஷகரம். பெஷாவரிலும் ஜலாலாபாத்திலும் அதுவே ஃககரம் ஆகிவிடுகிறது. கில்ஜி மக்கள் வாழும் நடுப்பகுதியில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு ஒலி. இதற்குத் துணையாக இன்னொரு எழுத்தும் உண்டு. ஆறு என்ற எண்ணைக் கந்தஹார்க்காரர் 'ஷ்பஃஜ்' என்பதுபோல் முடிப்பார்; பெஷாவர்க்காரர் 'கங்கை'யில் இரண்டாவதாக வரும் ககரத்தில் முடிப்பார்.

எங்கள் மாடியில் ஒருவர் கந்தஹார், மற்றவர் ஜலாலாபாத். ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் நோட்டை நீட்டி, 'பெண்' என்பதற்கான சொல்லை இருவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே வாய்விட்டும் சொன்னார்கள். ஒருவர் ஷகரத்தில் தொடங்கினார், மற்றவர் ஃககரத்தில். தாளைப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். பெஷாவர் போனால் அந்தச் சொல்லின் நடுவிலுள்ள 'ட்ஃஜ'வும் வெறும் ஃஜ ஆகி 'ஃகெஃஜா' என்று கேட்கும். அங்கேயும் எழுத்து மாறாது.

நமக்கு இது புதிதல்ல. வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிற ஊரும் வாயப்பயம் என்கிற ஊரும் எழுதும்போது ழகரம்தானே போடுகின்றன!

என் மகன் ஷார்ஜாவில் லாரி கம்பெனியில் இருக்கிறான். கூட வேலை செய்யும் பெஷாவர் டிரைவர்களிடம் பேசிப் பேசியே அந்தப் பாஷை வந்துவிட்டது. அங்கே ஒரு கந்தஹார்க்காரர் இவன் பேசுவதைக் கேட்டு, "இது கொச்சை" என்று சிரித்தாராம். பையனுக்கு மனசு சங்கடமாகிவிட்டது. உண்மையாகவே கொச்சைங்களா?
(மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு தாயார்)

இல்லைங்கம்மா. தம்பி தைரியமாகப் பேசட்டும். 17ஆம் நூற்றாண்டில் பிறந்த ரஹ்மான் பாபாவைப் பஷ்தூன் மக்கள் எங்கிருந்தாலும் கொண்டாடுகிறார்கள். அவர் பெஷாவர் மண்ணின் கவிஞர், அடக்கமானதும் அங்கேதான். அந்த மண்ணின் பேச்சைக் கொச்சை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

கந்தஹார்ப் பேச்சுக்கு ஒரு சிறப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. எழுத்தில் வேறுவேறாக உள்ளவற்றை அது வாயிலும் வேறுவேறாகவே வைத்திருக்கிறது. பெஷாவரில் அவற்றில் சில கலந்துவிட்டன. டேவிட் நீல் மெக்கன்ஸி என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1959இல் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லா வட்டாரங்களுக்கும் அடியில் ஒரு பொதுப் பஷ்தோ இருப்பதை இந்த எழுத்துமுறையே காட்டிக்கொடுக்கிறது என்று விளக்கினார். பொதுவான ஒன்று இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து விலகியதெல்லாம் கெட்டுப்போனது என்று ஆகாது.

வஜிரிஸ்தான் பேச்சைக் கேட்டால் அந்தக் கந்தஹார்க்காரரே கொஞ்சம் தடுமாறுவார். அங்கே உயிரெழுத்துகள் வரிசையாக இடம் மாறிவிட்டன. மற்றவர்கள் அம்மாவை 'மோர்' என்றால் அவர்கள் 'மேர்'. அப்பா 'ப்லார்' என்றால் அவர்களுக்கு 'ப்லோர்'. ஆகாரம் ஓகாரம் ஆகிறது, ஓகாரம் ஏகாரம் ஆகிறது. ஒழுங்காக, விதிப்படி நடக்கிற மாற்றம் இது. வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை. பலுசிஸ்தானில் ஹர்னாய் பக்கம் தரீன் மக்கள் பேசும் வனெட்ஸி இன்னும் ஒருபடி விலகி நிற்கிறது. மற்ற வட்டாரங்களில் வழக்கொழிந்த பழைய வடிவங்கள் சில அதில் உயிரோடு இருக்கின்றன.

'என்ற ஊடு', 'உன்ற தோட்டம்' என்று பேசும் நம் பிள்ளைகளைப் பட்டணத்தில் கேலி செய்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் அந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன். உங்கள் மகனுக்கும் அதே பதில்தான்.

தொல்காப்பியத்தில் ஓர் இடம் பஷ்தோவால் விளங்கியது என்று எழுதினீர்களே, எந்த இடம் என்று சொல்லவில்லையே?
(தமிழாசிரியை, கோபிசெட்டிபாளையம்)

போன முறை இடம் போதவில்லை. சொல்லதிகாரம், கிளவியாக்கம். செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, "தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த" என்கிறார். அடுத்து "ஏனை யிரண்டும் ஏனை யிடத்த". அதாவது என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்வதற்கு வா, தா. மூன்றாம் ஆளிடம் போய்ச் சேர்வதற்குச் செல், கொடு. வேலை பார்த்த காலமெல்லாம் இதை மனப்பாடமாக நடத்தியவன் நான். பிள்ளைகளும் மனப்பாடமாகத்தான் எழுதினார்கள்.

கந்தஹார்த் தம்பி ஊருக்குப் போன் பேசும்போது கவனித்தேன். வினைக்கு முன்னால் ரா, தர், வர் என்ற மூன்று ஒட்டுகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. என்னை நோக்கி என்றால் ரா. உன்னை நோக்கி என்றால் தர். அவனையோ அவளையோ அவர்களையோ நோக்கி என்றால் வர். அம்மா மகனை 'ராஷா' என்று கூப்பிடுவார்: இங்கே என்னிடம் வா. மகன் 'தர்ட்ஃஜம்' என்பார்: உன்னிடம் வருகிறேன். மாமா வீட்டுக்குப் போவதைச் சொல்லும்போது அதே வினை 'வர்ட்ஃஜம்' ஆகிவிடும். கொடுப்பதிலும் இதே கணக்கு. 'ராகா' என்றால் எனக்குக் கொடு, 'வர்கா' என்றால் அவனுக்குக் கொடு. அனுப்புதல், எடுத்துப் போதல், சொல்லுதல் எல்லாவற்றிலும் இந்த மூன்றும் புகுந்து வேலை செய்கின்றன. 'ரா' ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. எனக்கு, எங்களுக்கு இரண்டும் அதற்குள் அடக்கம்.

தொல்காப்பியர் தன்மையையும் முன்னிலையையும் ஒரு பக்கம் சேர்த்துப் படர்க்கையைத் தனியாக நிறுத்தினார். பஷ்தோ மூன்றையும் தனித்தனியாக நிறுத்துகிறது. இரண்டு மொழிக்கும் குடும்ப உறவு கிடையாது. பேச்சு யாரை நோக்கிப் போகிறது என்பதை வினையிலேயே காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

நம் வாயிலும் அந்த நூற்பா இன்னும் பாதி உயிரோடுதான் இருக்கிறது. போனில் நீங்கள் "நான் உங்க ஊட்டுக்கு வர்றனுங்க" என்பீர்கள். "போறனுங்க" என்று சொல்லமாட்டீர்கள். அதே வாய் "மாமன் ஊட்டுக்குப் போறனுங்க" என்கும். தா, கொடு வேறுபாடுதான் பேச்சில் தேய்ந்து, "எனக்குக் குடு" என்று ஆகிவிட்டது. நூற்பாவை நடத்தும்போது இந்தப் போன் பேச்சிலிருந்து தொடங்கிப் பாருங்கள் அம்மா. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் கம்பெனி வடமாநிலப் பசங்களோடு பேசி இந்தி ஓரளவு வரும். 'மை ரோட்டீ காதா ஹூம்', ஆனால் 'மைனே ரோட்டீ காயீ'. சாப்பிட்டவன் ஆண், வினை மட்டும் ஏன் பெண்பாலில் வருகிறது? பஷ்தோவிலும் இந்தத் தொல்லை உண்டா?
(பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்)

உண்டு தம்பி, இந்தியைவிட அதிகமாகவே உண்டு. அங்கேயும் ஆண்பால், பெண்பால் இரண்டுதான். உயிரற்ற பொருளும் இரண்டில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். ஆப்பிள் 'மணா', பெண்பால். மாதுளை 'அனார்', ஆண்பால். நிகழ்காலத்தில் 'ஃஜெ' என்றால் நான். ஆப்பிளோ மாதுளையோ எதைத் தின்றாலும் வினை என்னோடு ஒத்துப்போகும். இறந்தகாலம் வந்ததும், செயப்படுபொருள் உள்ள வினையாக இருந்தால் நிலைமை மாறிவிடும். நான் என்பது 'மா' என்று வேறு உரு எடுக்கும். வினை என்னை விட்டுவிட்டுத் தின்னப்பட்டதோடு சேர்ந்துகொள்ளும். ஆப்பிள் தின்றேன் என்றால் வினையின் கடைசியில் பெண்பால் 'ஆ'. மாதுளை தின்றேன் என்றால் அந்த 'ஆ' இல்லை. தின்றவர் ஆணா பெண்ணா என்பதை வினை கண்டுகொள்ளாது.

இந்தியில் செயல் முடிந்தால்தான் இந்த 'நே'. 'மை ரோட்டீ காதா தா', தின்றுகொண்டிருந்தேன், என்றால் 'நே' வராது. பஷ்தோவில் தின்றுகொண்டிருந்தேன் என்றாலும் விதி இதேதான். இறந்தகாலம் முழுக்க அதன் ஆட்சி. எழுவாய் எது என்று தேடுவதை விட்டுவிட்டு, வினை யாரோடு பொருந்தி நிற்கிறது என்று மட்டும் பார்த்துப் பழகுங்கள். உங்களுக்கு இந்தி தெரிந்திருப்பது இதில் பெரிய பலம்.

எங்கள் ஊர்ப் பட்டாணியர் வீடுகளில் பேசுவது பஷ்தோவா?
(தாராபுரம்)

இல்லை. அவர்கள் வீட்டில் பேசுவது தக்கினி உருது. பட்டாணியர் என்ற பெயர் பஷ்தூன் வழியைக் குறித்தாலும், இங்கே வந்த குடும்பங்களில் பஷ்தோ தங்கவில்லை.

பஷ்தோவில் ட, ண எல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் தமிழுக்கு உறவுதானே?
(பொள்ளாச்சி)

ஆசை நியாயமானது. ஆனால் ஒலியை வைத்து உறவு சொல்ல முடியாது. நாக்கை மடிக்கும் பழக்கம் பக்கத்து மொழிகளிலிருந்தும் தொற்றும். பஷ்தோவுக்கு அது இந்திய மொழிகளின் சகவாசத்தால் வந்தது. பஷ்தோ ஈரானிய மொழி. எர்ன்ஸ்ட் ட்ரம்ப் என்ற ஜெர்மானியர் 1873இல் வெளியிட்ட இலக்கணத்தில் அதை இந்தியக் கிளைப் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு பிரெஞ்சு அறிஞர் டார்மெஸ்டெட்டர் அது ஈரானியக் கிளைதான் என்று நிறுவினார். சொல்லின் முதலில் வரும் பழைய தகரம் பஷ்தோவில் லகரமாகிறது. பாரசீகத்தில் கை 'தஸ்த்', பஷ்தோவில் 'லாஸ்'. மகள் அங்கே 'துக்தர்', இங்கே 'லூர்'. பத்து அங்கே 'தஹ்', இங்கே 'லஸ்'. இப்படி ஒழுங்காக வரும் மாற்றம்தான் உறவுக்குச் சாட்சி.

அந்தப் பக்கம் நமக்கு உறவு வேண்டுமென்றால் பிராகூயி இருக்கிறது. பலுசிஸ்தானில் கலாத் சுற்று வட்டாரத்தில் பேசும் திராவிட மொழி. குவெட்டா சந்தையில் பஷ்தோவும் பிராகூயியும் அக்கம்பக்கத்தில் கேட்கும்.

அந்த மொழியில் நம் குறள் மாதிரி இரண்டடிப் பாட்டு உண்டா ஐயா?
(காங்கேயம்)

உண்டு. லண்டை என்பார்கள், டப்பா என்றும் சொல்வதுண்டு. குறளில் முதலடி நாலு சீர், அடுத்தது மூன்று. லண்டையில் தலைகீழ்: முதலடி குட்டை, 9 அசை, இரண்டாமடி நீளம், 13 அசை. நம் நேரசை நிரையசைக் கணக்கு இல்லை, உயிரொலிகளை எண்ண வேண்டும். முடிவு பெரும்பாலும் 'ம' அல்லது 'ன' ஒலியில் விழும். யார் கட்டியது என்று பெயர் இருக்காது. பெண்கள் கட்டிப் பாடியவையே மிகுதி. தண்ணீர்த் துறையிலும் கல்யாண வீட்டிலும் வாய்க்கு வாய் வந்தவை. ஜலாலாபாத் தம்பிக்கு நிறையத் தெரியும். நாலைந்தைக் கேட்டு எழுதி, பொருளோடு அடுத்த இதழில் தருகிறேன்.