பழைய ஐ5 கணினியில் வன்பொருள்வழி வீடியோ என்கோடிங் இயலுமா?

இயலும். மூன்றாம் தலைமுறை ஐ5 கணினியில், உபுண்டுவில், எச்.264 என்ற சுருக்க வடிவத்துக்கு வீடியோவை வன்பொருள்வழி, அதாவது அதற்கென்றே சிப்பில் உள்ள பகுதியைக் கொண்டு, என்கோட் செய்ய (சுருக்கிப் பதிய) முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே தலைமுறைக் கணினியில்தான் செங்கோட்டையில் நான் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துவருகிறேன். இன்டெலின் வன்பொருள் என்கோடிங் வசதியான குவிக் சிங்க் 2011இல் இரண்டாம் தலைமுறைச் செயலிகளோடு வந்ததால், அதற்கான பகுதி பெரும்பாலும் உங்கள் செயலிக்குள்ளேயே இருக்கும். எச்.264க்கு அடுத்து வந்த எச்இவிசி வடிவத்துக்கு மட்டும் ஆறாம் தலைமுறையாவது வேண்டும்.

எனக்கு இது அவசியமானது சாரல் காலத்தால். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று இறங்கும் ஆனி, ஆடியில் மின்சாரம் அடிக்கடி போகும். ஒரு மணி நேர வீடியோவுக்கு மென்பொருள்வழியில், அதாவது செயலியின் பொதுக் கணக்கீட்டால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்ததால், முக்கால் பங்கு முடிந்த வேலை பலமுறை பாழாகி, புனலூரிலிருந்து வீடியோவைப் பென்டிரைவில் பெற்றுச்செல்ல வந்தவர்களைக் காக்கவைத்த வருத்தம் எனக்கு உண்டு. இப்போது அரை மணி நேரம் போதுமாக இருக்கிறது.

என் கணினியில் முதல் தடை, தனியாகச் செருகியிருந்த பழைய கிராபிக்ஸ் கார்டு. அது இருந்ததால் பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்பு), குவிக் சிங்க் இருக்கும் உள்ளமைந்த கிராபிக்ஸை அணைத்துவைத்திருந்தது. பயாஸில் அதை இயக்கிய பிறகே லினக்ஸுக்குத் தெரிந்தது. அடுத்தது டிரைவர். புதிய ஐஎச்டி டிரைவர் ஐந்தாம் தலைமுறை முதல்தான் பயன்படும்; நமக்குரியது பழைய ஐ965. அதை நிறுவி, டிரைவர் என்னென்ன செய்யும் என்று காட்டும் விஏஇன்ஃபோ கட்டளையை இயக்கிப் பாருங்கள். எச்.264 வரிகளில் விஎல்டி என்று மட்டும் இருந்தால் டிகோடிங் (சுருக்கிய வீடியோவை விரிப்பது) மட்டுமே கிடைக்கும். என்க்ஸ்லைஸ் என்று முடியும் வரியும் இருந்தால்தான் என்கோடிங் உண்டு. அனுமதி இல்லை என்று பிழை வந்தால், உங்கள் பயனர் பெயரை, கிராபிக்ஸை அணுக அனுமதி தரும் ரெண்டர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், வன்பொருள்வழி வேலை செய்யும் எச்264_விஏஏபிஐ என்கோடரைத் தேர்ந்தெடுக்கும்போது, படத்தை என்வி12 என்ற நிறப்பதிவு வடிவத்துக்கு மாற்றி, அதைக் கிராபிக்ஸ் நினைவகத்துக்கு ஏற்றும் எச்டபிள்யூஅப்லோடு ஃபில்டர் வழியே அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் நான் ஓர் இரவு முழுவதும் திணறினேன்.

தரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே பிட்ரேட்டில் (வீடியோவின் ஒரு நொடிக்கான தரவளவில்) மென்பொருள்வழி என்கோடிங்கே மேலானது. 8 எம்பிபிஎஸில் (நொடிக்கு 8 மெகாபிட்) ஓமப்புகை கட்டம் கட்டமாக உடைந்தது. மணப்பெண்ணின் பட்டுச்சேலைச் சரிகை, அவர் திரும்பும்போதெல்லாம் குழம்பித் தெரிந்தது. 14க்கு உயர்த்திய பிறகு இரண்டும் தெளிந்தன. கோப்பு பெரிதாகும், ஆனாலும் வீட்டாருக்கு அப்படியே கொடுக்கிறேன். காலம் கடந்தும் வைத்திருக்க வேண்டிய மூலப்பிரதியை மட்டும் மின்சாரம் நிலையாக இருக்கும் மாதங்களில் மென்பொருள்வழியே என்கோட் செய்கிறேன்.