பூந்தொட்டியில் வில்லன்

கேள்வி: பேய்ப் படம் என்றால் போர்வைக்குள் போய்விடுவேன், பாட்டு என்றால் உயிர். இரண்டும் சேர்ந்த காதல் படம் உண்டா? நடுவில் பாட்டு வந்தால் பயம் போய்விடாதா? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்', 1986. பேய் கிடையாது, செடி. நியூயார்க்கில் ஈ ஓட்டும் ஒரு பூக்கடை. அங்கே வேலை பார்க்கும் சீமோருக்கு, கூட வேலை பார்க்கும் ஆட்ரி மேல் காதல். சொல்லத் துணிச்சல் இல்லை; தான் வளர்க்கும் விநோதச் செடிக்கு அவள் பெயரை வைக்கிறான். செடி கேட்பதோ எருவல்ல, ரத்தம். விரலைக் கீறிக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஆட்ரியை அடிக்கிற காதலன் ஒருவன் இருக்கிறான், பல் டாக்டர். சரி, மீதி உங்களுக்கே புரிந்திருக்கும்.

பயம் எங்கே போகும்? செடி பாடும்போதுதான் வயிற்றைக் கலக்கும். செடியாக வந்த பொம்மையின் கனத்த உதடுகள் பாட்டு வேகத்துக்கு அசையவில்லை. நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 16, சில சமயம் 12 என்று எடுத்து, வேகமாக ஓட்டினார்கள். பக்கத்தில் நின்ற ரிக் மொரானிஸும் (சீமோராக நடித்தவர்) ஆமை வேகத்தில் நடித்தார். படத்தில் துளிகூடத் தெரியாது.

எனக்கு மனத்தாங்கல் முடிவில்தான். ஆட்ரிக்கு ஒரு பாட்டு உண்டு: வேலி போட்ட சின்ன வீடு, பிளாஸ்டிக் உறை போட்ட சோபா, எங்கேயாவது பசுமையாக ஓர் இடம். அவ்வளவுதான் அவள் ஆசை. 1982-இல் வந்த மேடை நாடகத்தில், சாகும் தறுவாயில் தன்னைச் செடிக்கே கொடுத்துவிடச் சொல்லி அதே பாட்டை முனகுவாள். பசுமையான இடம் கிடைத்துவிட்டது! படத்திலும் அப்படித்தான் எடுத்தார்கள். முன்னோட்டக் காட்சியில் பாட்டுக்குப் பாட்டு கைதட்டிய கூட்டம், காதலர்கள் செத்ததும் உறைந்துபோனது. மேடையில் செத்தவர்கள் கடைசியில் வந்து கும்பிடுவார்கள், திரையில் வருவதில்லையே என்றார் இயக்குநர் ஃபிராங்க் ஆஸ். வேறு வழியில்லாமல் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்.

பழைய முடிவு 2012-இல் ப்ளூ ரேயில் வந்தது. இரண்டையும் பார்த்தேன், என் ஓட்டு செடிக்கு.

கேள்வி: குழந்தைகளோடு பார்க்கலாமா? (அதே வாசகி)

பதில்: சின்னப் பிள்ளைகள் வேண்டாம். பெரியவர்களும் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் பாருங்கள்.