எல்லோரும் போகிற டிசம்பரில் நாமும் போக வேண்டுமா?

கேள்வி: அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு முதல்முறையாக வெளிநாடு போகிறோம். இத்தாலியா தாய்லாந்தா என்று இழுபறி. அப்பாவுக்குப் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்க்க ஆசை, ஆனால் முட்டிவலி உண்டு. அம்மாவுக்குக் கடலில் கால் நனைத்தால் போதும். எந்த மாதமும் இரண்டு வாரம் விடுப்பு எடுக்கலாம். எல்லோரும் டிசம்பர்தான் நல்ல சீசன் என்கிறார்களே, சரியா?

பதில்: எந்த மாதமும் விடுப்பு கிடைக்கும் என்பதை ஏதோ சாதாரணமாக எழுதிவிட்டீர்கள், உங்கள் கையில் இருக்கும் பெரிய வசதியே அதுதான். டிசம்பர் கடைசியில் உலகத்தில் பாதிப் பேருக்கு விடுமுறை, விமானத்திலும் விடுதியிலும் கூட்டம் நெரியும். வேறு வழியில்லாதவர்கள் அப்போது போகட்டும், நீங்கள் ஏன் போக வேண்டும்?

ஒரு நாட்டுக்கு ஒரே சீசன் என்று எதுவும் கிடையாது. தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், கடல் கொந்தளித்துக் கரையில் சிவப்புக்கொடி ஏறிவிடும், அந்தப் பக்கக் கடலில் இருக்கும் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருப்பார்கள். அதே நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கும் கோ சமுய் தீவிலோ ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு, அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டித் தீர்க்கும். வடக்கே சியாங் மாய் போனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காடு எரியும் புகை மூட்டம். அதனால் நாட்டின் பெயரைப் போட்டு மாதத்தைத் தேடாதீர்கள், போகிற ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தாய்லாந்துதான் என்றால் ஜனவரி, புக்கெட் பக்கம்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இத்தாலிதான் தோன்றியது. அங்கே ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். நான் ஒரு ஆகஸ்ட் நடுவில் ரோமில் இருந்தேன். நண்பகலில் ரோமன் ஃபோரம் என்கிற பழைய இடிபாடுகளுக்கு நடுவே ஒதுங்க நிழல் இல்லை, கல்தரையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது, தெருமுனையில் ஓயாமல் தண்ணீர் விழும் அந்தக் குட்டி இரும்புக் குழாய்களில் கைக்குட்டையை நனைத்து நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை. தங்கியிருந்த தெருவில் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது, ஒவ்வொன்றிலும் கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள், விடுமுறைக்குப் போயிருக்கிறோம் என்று. முட்டிவலிக்காரரை அந்த வெயிலில் நிறுத்திவைக்க முடியாது.

சரி, டிசம்பர் என்றால்? கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரோமில் மாலை நாலே முக்கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மெதுவாக நடக்கிறவருக்குப் பகல் நீளம் ரொம்ப முக்கியம், வெப்பநிலையைப் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. மே மாதம் நடப்பதற்கு அருமையாக இருக்கும், ஆனால் கடல் அப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். அதே காரணத்தால் செப்டம்பரில் வெயில் தணிந்த பிறகும் கடலில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும்.

ஆகவே செப்டம்பர் கடைசி இரண்டு வாரம். அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள், ரோமில் இலையுதிர்காலத்தில்தான் மழை அதிகம். விசா தேவைப்பட்டால், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. படத்தில் பார்த்து மயங்கி, தெற்கு இத்தாலியின் மலைச்சரிவில் இருக்கும் அமால்ஃபி கடற்கரைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள், அங்கே எங்கே திரும்பினாலும் படிக்கட்டு. ரோமிலிருந்து சுமார் அரை மணி நேர ரயிலில் ஓஸ்டியா ஆன்டிகா வந்துவிடும், பழைய ரோமானியத் துறைமுக நகரம், பெரும்பாலும் சமதரை, பைன் மர நிழல் உண்டு. தரைக்கல் மேடுபள்ளமாக இருக்கும், அப்பா நல்ல ஷூ போட்டுக்கொள்ளட்டும். காலையில் அவர் ஆசைதீர அதைப் பார்க்கட்டும். சாயங்காலம் அதே ரயிலில் இன்னும் சில நிறுத்தம் போனால் மணல் கடற்கரை, அம்மா கால் நனைக்கலாம்.