மகளின் மேற்படிப்பும் மல்லிகைத் தோட்டமும்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகள் மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, பெரியாஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்திருக்கிறாள். முதுநிலை நீட் தேர்வில் அவள் விரும்பிய பொது மருத்துவம் கிடைக்கவில்லை. இங்கிலாந்து போவதென்று முடிவு செய்து, அங்கே மருத்துவராகப் பதிவு பெற வெளிநாட்டவர் எழுதும் பிளாப் முதல் தேர்வைச் சென்னையில் எழுதித் தேறிவிட்டாள். அடுத்த தேர்வுக்கு மான்செஸ்டர் போக வேண்டும். மதுரையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தார், "அதிலும் தேறிவிட்டால் எம்.டி.க்குச் சமமான பயிற்சி இடம் உறுதி, விசா எங்கள் பொறுப்பு" என்று சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். மீதித் தொகைக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தை விற்கலாம் என்று இருக்கிறேன். லண்டனில் உள்ள மைத்துனர் மகனோ, "புதுச் சட்டம் வந்துவிட்டது, நம்மவர்களுக்கு இனி இடம் இல்லை, அமெரிக்காவைப் பாருங்கள்" என்கிறான். யார் சொல்வது சரி? தோட்டத்தை விற்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

---

அன்புள்ள ஐயா,

தோட்டத்தை விற்காதீர்கள். உங்கள் மகள் இங்கிலாந்து போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தார் உங்களுக்கு விற்பது அவர்கள் கையில் இல்லாத பொருள். அதற்காக நிலத்தை இழக்காதீர்கள் என்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரு வெளிநாட்டு மருத்துவர் மேற்படிப்புப் பயிற்சியில் சேர வேண்டுமென்றால் மூன்று இடங்களில் முடிவாக வேண்டும். மருத்துவராகப் பதிவு செய்வது பொது மருத்துவக் கவுன்சில். நாட்டுக்குள் வேலை செய்ய அனுமதிப்பது உள்துறை அமைச்சகம். பயிற்சி இடம் தருவது அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நாடு முழுவதற்கும் பொதுவாக நடத்தும் தேர்வு முறை. பிளாப் இரண்டாம் தேர்வில் பதினாறு அறைகள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். நோயாளியாக நடிப்பவரிடம் பேசி, பரிசோதித்து, நோயை விளக்க வேண்டும். கட்டணம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு. முதல் தேர்வில் தேறி இரண்டு ஆண்டுகளுக்குள் இதையும் முடித்தாக வேண்டும். அத்தனையும் முடித்தால் கிடைப்பது முதலாவதான பதிவு மட்டும்தான். மற்ற இரண்டைப் பற்றியும் அந்தத் தேர்வுச் சான்றிதழ் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

விசா விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். தேர்வு எழுதப் போகிறவர் பார்வையாளர் விசாவில்தான் போவார். தேர்வு எழுதலாம், ஒரு மருத்துவமனையில் சம்பளமில்லாமல் உடனிருந்து கவனிக்கலாம். ஆனால் அந்த விசாவை அங்கிருந்தபடியே வேலை விசாவாக மாற்ற முடியாது. ஒரு மருத்துவமனை வேலை கொடுத்து, தன் பெயரில் பொறுப்பேற்புச் சான்று வழங்கினால்தான் மருத்துவப் பணியாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். வேலை முதலில், விசா பிறகு. "விசா எங்கள் பொறுப்பு" என்று சொல்லும் உரிமை மதுரையில் யாருக்கும் இல்லை.

உங்கள் மைத்துனர் மகன் சொல்வதிலும் பாதிதான் சரி. 2019 அக்டோபரில் எல்லா மருத்துவர் பணிகளையும் பிரிட்டன் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் உள்நாட்டவர் கிடைக்கவில்லை என்று நிரூபித்த பிறகே வெளிநாட்டவரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு போய், நம் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே சமமாக விண்ணப்பிக்க முடிந்தது. விண்ணப்பங்கள் குவிந்தன. 2019 இல் சுமார் 9,000 பயிற்சி இடங்களுக்குச் சுமார் 12,000 பேர். 2025 இல் விண்ணப்பித்தவர்கள் 30,000 பேருக்கு மேல், இடங்களோ அந்த அளவுக்குக் கூடவில்லை. அவர்கள் நாட்டில் படித்த இளம் மருத்துவர்களே வேலையில்லாமல் நிற்கத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தில், உள்நாட்டில் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் அதற்கான சட்டத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் படித்தவர்களும், 2026 தேர்வில் பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் இதில் முன் வரிசையில் வருகிறார்கள். உங்கள் மகள் இரண்டிலும் இல்லை. விண்ணப்பிக்க அவளுக்குத் தடையில்லை. முன்னால் நிற்பவர்கள் எடுத்துக்கொண்டு மிச்சம் வைத்த இடம்தான் அவளுக்கு வரும். பொது மருத்துவம் போன்ற பலரும் கேட்கும் துறையில் அந்த மிச்சத்தை நம்பி ஒரு குடும்பம் கடன்படக் கூடாது.

பயிற்சி இடம் இல்லாத சாதாரண மருத்துவர் பணி கிடைக்கலாம். அங்கே பல ஆண்டுகள் உழைக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் நிறைய. அது நல்ல வேலைதான், அனுபவமும் உண்டு. ஆனால் அது மேற்படிப்பு ஆகாது. ஐந்து ஆண்டு அப்படி உழைத்து நிரந்தர வசிப்புரிமை வாங்கினால் முன் வரிசைக்கு வந்துவிடலாமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த ஐந்தைப் பத்தாக்கும் எண்ணத்தை 2025 மே மாதக் குடியேற்ற வெள்ளை அறிக்கையிலேயே அந்த அரசு சொல்லிவிட்டது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் 2006. அப்போது நான் ஹவுஸ் சர்ஜன்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதுவரை வெளிநாட்டு மருத்துவர்கள் வேலை அனுமதி எதுவும் இல்லாமலே பிரிட்டனில் பயிற்சி பெறலாம். பல ஆண்டுகளாக அந்த நாடே நம்மை அப்படித்தான் அழைத்து வைத்திருந்தது. அந்த ஆண்டு மார்ச் 7 அன்று அந்த வசதி போகிறது என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 3 அன்று அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இடையில் ஒரு மாதம்கூட இல்லை. தேர்வுக்கும் விமானத்துக்கும் வீட்டு வாடகைக்கும் கடன் வாங்கிப் போயிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். என் மாணவர்கள் சிலர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் கும்பலாகத் தங்கியிருந்தார்கள். அந்தப் பகுதிக் கோயிலில் போடும் அன்னதானத்தில் வேலையில்லாத இந்திய மருத்துவர்கள் வரிசையில் நின்றது அங்கே பத்திரிகைச் செய்தியாகவே வந்தது. மதுரையில் தங்கப் பதக்கம் வாங்கிய பையன் ஒருவன் வீட்டுக்குத் தொலைபேசியில் "வேலை கிடைத்துவிட்டது" என்று பொய் சொன்னான். அவன் அப்பா என்னிடம் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். உண்மை எனக்குத் தெரிந்திருந்தது, சொல்ல வாய் வரவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அவர்களில் ஒரு பிரிவினர் மேல்நிலைத் திறனாளர் திட்டத்தின் கீழ் விசா வாங்கியவர்கள். வேலை அனுமதி கேட்காமல் எந்த வேலையும் பார்க்கலாம் என்பதே அந்த விசாவின் பொருள். அதையும் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கையால் வெறுமையாக்கியது. உள்நாட்டவரும் ஐரோப்பியரும் கிடைக்காதபோது மட்டுமே இவர்களைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு எழுதிவிட்டார்கள். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டது. 2007 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். நவம்பரில் மேல்முறையீட்டில் வென்றார்கள். அரசு, அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. 2008 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் மருத்துவர்கள் பக்கம் நின்றார்கள். குடியேற்ற விதியை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் முன் வைத்து மாற்ற வேண்டும், ஒரு துறை சுற்றறிக்கை அனுப்பி மாற்றக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நம் பிள்ளைகள் அயல்நாட்டில் சங்கம் சேர்ந்து, பணம் திரட்டி, அந்த நாட்டு அரசையே நீதிமன்றத்தில் வென்றதை நான் இன்றும் பெருமையோடு நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரி இறுதியில், அரசு குடியேற்ற விதியையே முறைப்படி திருத்திவிட்டது. ஏற்கெனவே போயிருந்தவர்களுக்குத் தீர்ப்பு உதவியது. புதிதாகப் போக நினைத்தவர்களுக்குக் கதவு சாத்தியே இருந்தது. ஒரு நாடு தன் கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு முதல் இடம் தருவதை நான் குறை சொல்ல மாட்டேன். நாமும் அரசுக் கல்லூரி மேற்படிப்பில் அரசுப் பணி மருத்துவர்களுக்கென்று இடம் ஒதுக்குகிறோம். வாருங்கள் என்று அழைத்து, தேர்வுக் கட்டணம் வாங்கி, அவர்கள் வந்து இறங்கிய பிறகு விதியை மாற்றுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படி மாற்றுவார்கள் என்பதை அனுபவமாகக் கண்ட பிறகும் நிலத்தை விற்றுப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே யு.எஸ்.எம்.எல்.இ. என்ற வேறு தேர்வுகள், வேறு சான்றிதழ். பிளாப் எதற்கும் உதவாது. மார்ச் மாதத்தில் இடம் ஒதுக்குவார்கள், ஜூலை முதல் தேதி பணியில் சேர வேண்டும். பெரும்பாலோர் போவது ஜே-1 விசாவில். அதற்கு நம் மத்திய சுகாதார அமைச்சகத்திடமிருந்து, இந்தத் துறை மருத்துவர் இந்தியாவுக்குத் தேவை என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் ஊரில் வந்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மருத்துவர் இல்லாத பகுதிகளில் மூன்று ஆண்டு பணிபுரிய ஒப்புக்கொண்டால் அதிலிருந்து விலக்கு உண்டு, ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு முப்பது பேருக்கு மட்டும். 2025 மே இறுதியில் அந்த வகை விசாவுக்கான புதிய நேர்காணல்களைச் சில வாரங்கள் நிறுத்தியே வைத்துவிட்டார்கள். இடம் கிடைத்தும் தூதரகத் தேதி கிடைக்காமல் பிள்ளைகள் தவித்தார்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்கோ 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். இங்கிலாந்தை விட்டு அங்கே ஓடுவது தீர்வாகாது.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதல் தேர்வில் தேறிய உழைப்பு வீணாக வேண்டாம். உங்கள் சேமிப்பில், நிலத்தைத் தொடாமல், இரண்டாம் தேர்வுக்கு முடியுமானால் எழுதட்டும். கூடவே இங்கே முதுநிலை நீட்டுக்கு முழு மனதோடு மீண்டும் படிக்கட்டும், அதே தேர்வின் வழியே கிடைக்கும் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. மேற்படிப்பு இடங்களுக்கும் முயலட்டும். இங்கே மேற்படிப்பை முடித்த பிறகு மருத்துவப் பயிற்சி முன்முயற்சி என்ற திட்டத்தில் பிரிட்டன் போகலாம். பிளாப் வேண்டாம், அங்குள்ள மருத்துவக் கல்விக் கழகங்களே பரிந்துரைக்கும், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள், பிறகு திரும்பிவிட வேண்டும். என் கண்ணில் இதுதான் நேர்மையான ஏற்பாடு. போகும்போதே முடியும் தேதி எழுதியிருக்கிறது, யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. நம் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976 இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய குடும்பத்தில் சிலர் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள்தான். இன்று வெளிநாட்டு மருத்துவர்கள் அறுவை சிகிச்சை கற்க மதுரை அண்ணாநகருக்கு வருகிறார்கள்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். அங்கே தேர்வு எழுதி வாங்கும் எம்.ஆர்.சி.பி. பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பினால் இங்கே அதை எம்.டி.யாக ஏற்க மாட்டார்கள். அங்கே அந்தத் துறையில் நிபுணராகப் பதிவு செய்யும் தகுதி கொண்ட முழுப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஆலோசனை நிறுவனங்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை.

முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். எதை உறுதி செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எந்தத் தேதி என்று எழுதி, ரசீது நகலோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

உங்கள் கடிதத்தில் நிறுவனத்தார் பேசுகிறார்கள், மைத்துனர் மகன் பேசுகிறான், நீங்கள் பேசுகிறீர்கள். மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இதை அவளிடம் படிக்கக் கொடுத்து, அவள் கைப்பட எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து