கணினிப் பெட்டிக்குள் பல வாயில் மிடி: கேள்வி பதில்

எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற செய்திகளை, கீபோர்டு போன்ற இசைக் கருவிகளும் கணினியும் தங்களுக்குள் பரிமாறும் முறைதான் மிடி. வேலூர் சத்துவாச்சாரியில், என் வீட்டு மாடி அறையில் இருக்கும் ஒலிப்பதிவுக் கணினிக்குள் நான்கு மிடி உள்வாயில்களும் எட்டு வெளிவாயில்களும் கொண்ட பலகை ஒன்றை நானே சால்டர் செய்து பொருத்தியிருக்கிறேன். முன்பு டிவிடி டிரைவ்கள் இருந்த இரண்டு 5.25 அங்குல இடங்களில் வரிசைக்கு ஆறாக, மிடிக் கேபிள் செருகும் வட்டமான ஐந்து முனை டின் சாக்கெட்டுகள் அமர்ந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் டீன்ஸி 4.1 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை மதர்போர்டின் உள் யூஎஸ்பி முனையோடு இணைகிறது. இதைப் பற்றிச் சுற்றுவட்டார நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

கேள்வி (ஆம்பூர்): ஒரே மிடி கேபிளில் 16 சேனல்கள் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை ஐந்து கருவிகள்தாம். அவற்றைத் தொடராக இணைத்தால் போதாதா, ஐயா?

பதில்: சேனல் என்பது ஒரே கேபிளில் கருவிகளைப் பிரித்துக் காட்டும் எண். அந்த எண்ணிக்கைக்காகப் பல வாயில் கட்ட வேண்டியதில்லை, நேரத்துக்காகத்தான் கட்ட வேண்டும். 1983-இல் மிடி வெளிவந்தபோது வகுத்த வேகம், நொடிக்கு 31,250 பிட், ஐந்து முனைக் கேபிளில் இன்றும் அதேதான். தொடக்க பிட்டையும் முடிவு பிட்டையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்குப் பத்து பிட். ஆகவே ஒரு பைட் போய்ச் சேர 320 மைக்ரோ நொடி ஆகிறது. ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்தி மூன்று பைட், அதாவது கிட்டத்தட்ட ஒரு மில்லி நொடி.

ஒரு பக்திப் பாடலின் பல்லவி தொடங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாளக் கருவி, பேஸ், இரண்டு கைகளிலும் பிடித்த கார்டு, வயலின் அடுக்கு என எல்லாம் ஒரே அடியில் விழுகின்றன. இருபத்தைந்து சுரங்கள் ஒரே கேபிளில் வரிசையில் நின்றால், கடைசிச் சுரம் முதல் சுரத்துக்கு 23 மில்லி நொடி பிந்தித்தான் புறப்படும். தாளம் கெட்டிருப்பதாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த அடி தளர்ந்து கேட்கும். ஒரே சேனலில் அடுத்தடுத்து வரும் சுரங்களுக்கு முதல் பைட்டை விட்டுவிட்டு இரண்டு பைட்டாகச் சுருக்கும் வழி மிடியிலேயே உண்டு. ஐந்து கருவிகள் மாறி மாறிப் பேசும் கேபிளில் அந்தச் சுருக்கம் அதிகம் உதவாது. யமஹா டிஎக்ஸ்7 போன்ற பழைய கருவியின் 32 ஒலிகளை மொத்தமாக அனுப்பினால் 4,104 பைட் ஆகிறது. அந்த 1.3 நொடியும் அதே கேபிளில் உள்ள மற்றக் கருவிகள் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கருவிக்கு ஒரு வெளிவாயில் கொடுத்துவிட்டால் இந்த வரிசையே இல்லாமல் போகிறது. யூஎஸ்பி பக்கம் நெரிசல் வராது. டீன்ஸி 4.1-இன் யூஎஸ்பி வேகம் நொடிக்கு 480 மெகாபிட், ஓர் இணைப்புக்குள் 16 தனித்தனி மிடிக் கேபிள்களைக் காட்ட அந்த விதிமுறையே இடம் கொடுக்கிறது.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவர்): அண்ணா, என்னிடம் ஆர்டுயினோ ஊனோ இருக்கிறது. அதிலேயே செய்யலாமா?

பதில்: முடியாது, தம்பி. பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் வாயில் வழியாகத்தான் மிடி போகிறது. ஊனோவில் வன்பொருள் சீரியல் வாயில் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் யூஎஸ்பி சிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டீன்ஸி 4.1-இல் எட்டு சீரியல் வாயில்கள் உள்ளன. அமைப்புப் பட்டியலில் 16 கேபிள் மிடி என்று தேர்ந்தால் கணினி அதைத் தனி டிரைவர் இல்லாமலே அடையாளம் காண்கிறது. ராஸ்பெர்ரி பை பிகோவில் இரண்டு சீரியல் வாயில்கள்தாம், ஆனால் அதன் நிரல்படுத்தக்கூடிய எட்டு சிறு இயந்திரங்களைக் கொண்டு மேலும் வாயில்களை உருவாக்கலாம். நிரல் எழுத விருப்பமுள்ள மாணவருக்கு அது நல்ல வழி, செலவும் குறைவு.

கேள்வி (ராணிப்பேட்டை): பழைய செல்போன் சார்ஜர்களில் பிசி817 ஆப்டோ கப்ளர் நிறையக் கிடைக்கிறது. உள்வாயிலுக்கு அதைப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஆப்டோ கப்ளர் என்பது சமிக்ஞையை உள்ளே இருக்கும் எல்இடியின் ஒளியாக மாற்றி மறுபக்கம் தரும் சிப். மிடியில் ஒரு பிட் 32 மைக்ரோ நொடி. அதில் ஆப்டோவின் ஏற்ற இறக்கம் இரண்டு மைக்ரோ நொடிக்குள் முடிய வேண்டும் என்று விதி இருக்கிறது. பிசி817 சார்ஜருக்காகச் செய்யப்பட்டது. மிடிக்குத் தேவையான மின்தடையோடு அது மந்தமாகிவிடும். மெதுவாக வாசிக்கும்போது சரியாக இருப்பதுபோல் காட்டி, வேகமாக வாசிக்கும்போது சுரத்தை விழுங்கும். எச்11எல்1 அல்லது 6என்138 வாங்குங்கள். ஒவ்வொரு உள்வாயிலுக்கும் தனி ஆப்டோ, அதன் எல்இடிக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 டயோடு; இவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கேள்வி (ஆற்காடு): டீன்ஸி 3.3 வோல்ட் பலகை. வெளிவாயிலுக்கு 5 வோல்ட் தேவையா?

பதில்: 3.3 வோல்ட்டிலேயே 33 ஓம், 10 ஓம் ரிசிஸ்டர்கள் போட்டு ஓட்டவும் விதிமுறையில் இடமுண்டு. நான் சமிக்ஞையை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பஃபர் சிப் வைத்து, 4-ஆம் முனைக்கும் 5-ஆம் முனைக்கும் தலா 220 ஓம் போட்டேன். அதில் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அந்தச் சிப்பின் பெயரில் எச்.சி.டி. (HCT) என்று இருக்க வேண்டும். வெறும் எச்.சி. (HC) என்றால் 5 வோல்ட்டில் 3.3-ஐ உயர் நிலையாக ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை. இன்னொன்று, ஆப்டோவின் வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டிவிடாதீர்கள். டீன்ஸி 4.1 முனைகள் 5 வோல்ட்டைத் தாங்கா, பலகையே போய்விடும்.

கேள்வி (குடியாத்தம்): கட்டி முடித்துவிட்டேன், மிடி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கீபோர்டை உள்வாயிலில் செருகியதும் ஸ்பீக்கரில் ஹம் (மின்சார ரீங்காரம்) வருகிறது, கழற்றினால் போய்விடுகிறது. ஆப்டோ போட்டிருக்கிறேனே, எப்படி?

பதில்: இதே தொல்லையோடு நான் மூன்று வாரம் போராடியிருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஆப்டோ சமிக்ஞையை ஒளியாக மாற்றித் தருவதால், கீபோர்டின் கிரவுண்டும் கணினியின் கிரவுண்டும் தொடாமல் இருக்கின்றன. அவை வேறு வழியாகத் தொட்டுவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண்.

முதல் வழி 2-ஆம் முனை. கேபிளின் உட்கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக வலையான ஷீல்டு அதில்தான் வரும். வெளிவாயிலில் அதைக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். உள்வாயிலில் சேர்க்கக் கூடாது. இதை நான் சரியாகவே செய்திருந்தேன். என்னைக் கவிழ்த்தது இரண்டாவது வழி. சாக்கெட்டுகளை அழகுக்காக அலுமினியத் தகட்டில் பொருத்தியிருந்தேன். டின் சாக்கெட்டின் உலோக உறை தகட்டைத் தொட்டது, தகடு கணினிப் பெட்டியைத் தொட்டது, பெட்டி எர்த்தைத் தொட்டது. என்னிடமிருந்த கேபிள்களில் ஒன்றில் பிளக்கின் உலோக உறை ஷீல்டோடு இணைந்திருந்தது. அந்தக் கேபிளைச் செருகும்போது மட்டும் ஹம் வந்தது. ஒருநாள் மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, ஒரு முள்ளைக் கேபிளின் மறுமுனையில் 2-ஆம் முனையிலும் மற்றொன்றைக் கணினிப் பெட்டியின் திருகிலும் வைத்தேன்; பீப் என்றது. தகட்டைக் கழற்றிவிட்டு மூன்று மில்லி மீட்டர் அக்ரிலிக் போட்டேன். அதோடு ஹம் நின்றது. நீங்களும் அந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். வெளிவாயில்கள் உலோகத் தகட்டில் இருந்தால் தவறில்லை.

கேள்வி (வாலாஜாபேட்டை): இருபது வருடமாக ஆம்பிளிஃபயர் வேலை செய்கிறேன். ஷீல்டை ஒரு முனையில் தொங்கவிட்டால் அது ஆன்டெனா ஆகிவிடும். இரண்டு முனையிலும் சேர்ப்பதுதான் முறை. நீங்கள் தவறான பாடம் சொல்கிறீர்கள்.

பதில்: உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஐயா. பேலன்ஸ்டு ஆடியோ கேபிளுக்கு நீங்கள் சொல்வது சரி. மிடி அந்த வகை அல்ல, அது மின்னோட்டச் சுற்று. உள்வாயிலில் 4-ஆம் முனைக்கும் 5-ஆம் முனைக்கும் இடையே மின்னோட்டம் ஓடினால் மட்டுமே எல்இடி எரியும். இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சல் அதை எரிக்காது. ஆகவே அங்கே கிரவுண்டு என்ற ஒப்பீடே தேவைப்படவில்லை. ஆன்டெனாக் கவலைக்கும் வழி உண்டு. உள்வாயிலின் 2-ஆம் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடலாம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஏறத்தாழ 32 கிலோ ஓம் தடை. 10 மெகா ஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு ஓர் ஓம்கூட இல்லை. ஹம் நுழையாது, ரேடியோ இரைச்சலும் தங்காது.

கேள்வி (வாலாஜாபேட்டை, மீண்டும்): கெப்பாசிட்டரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பக்கம் பாறை மண். பல வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. கணினிப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் ஹம் ஒரே நிமிடத்தில் போகும். கச்சேரி மேடைகளில் நாங்கள் செய்வதுதானே?

பதில்: இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கணினியின் பவர் சப்ளைக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் அவை 230 வோல்ட்டைப் பாதியாகப் பங்கிட்டு, பெட்டியில் 115 வோல்ட் அளவுக்கு நிறுத்திவைக்கும். அதில் ஓடும் மின்னோட்டம் சிறிது என்பதால் கை கூசுவதோடு போகும். உள்ளே ஒரு வயர் உரசி லைன் பெட்டியைத் தொட்டுவிட்டால் எதுவும் காப்பாற்றாது. மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உதட்டில்தான் அது போய் இறங்கும்.

பாறை மண் என்பது உண்மைதான். அதற்கு மருந்து எர்த்தை வெட்டுவது அல்ல, எர்த்தைச் சரிசெய்வது. கரியும் உப்பும் போட்ட குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்; உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தின் தடையை அளக்கச் சொல்லுங்கள். ஸ்டுடியோவின் எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர் பாயிண்டிலிருந்து எடுங்கள். ஹம்மை மிடிப் பக்கம் ஆப்டோ அறுக்கும், ஆடியோப் பக்கம், ஆடியோ கேபிளின் இடையே போடும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அறுக்கும்.

கேள்வி (அரக்கோணம்): மேலே படித்தபோது பயமாக இருக்கிறது. கணினிப் பெட்டியைத் தொட்டால் எனக்குக் கை கூசுகிறது.

பதில்: அப்படியானால் இன்று சால்டரிங் வேண்டாம். முதலில் எர்த் வேலையை முடியுங்கள். பிறகு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி (திருப்பத்தூர்): புதிய கீபோர்டுகளில் யூஎஸ்பியே இருக்கிறதே, டின் எதற்கு?

பதில்: யூஎஸ்பி கேபிள் கிரவுண்டையும் சேர்த்தே கொண்டுவரும், டின் கொண்டுவராது. ஹம் இல்லையென்றால் தாராளமாக யூஎஸ்பியில் இணையுங்கள்.

கேள்வி (ஆரணி): ஆர்டுயினோ ஊனோவில் செய்யலாமா?

பதில்: காட்பாடித் தம்பிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (வேலூர், சைதாப்பேட்டை): பாடும்போது ஹெட்போனில் என் குரல் தாமதமாகக் கேட்கிறது. மிடிப் பலகை இதைச் சரிசெய்யுமா?

பதில்: செய்யாது. அது ஆடியோ கார்டு ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரின் அளவைப் பற்றியது. உங்கள் கார்டின் டிரைவர் அமைப்பைப் பாருங்கள்.

கேள்வி (சோளிங்கர்): சார்ஜர் ஆப்டோ நான்கு வைத்திருக்கிறேன், ஒரு முறை முயன்று பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேள்வி (பேர்ணாம்பட்டு): மதர்போர்டின் உள் யூஎஸ்பி முனையில் இணைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பலகைக்கு அந்த மின்சாரம் போதுமா?

பதில்: போதும். யூஎஸ்பி 2.0 வாயில் 500 மில்லி ஆம்பியர் தரும். எட்டு வெளிவாயில்களும் சேர்ந்தே 40 மில்லி ஆம்பியரைத் தாண்டா. அந்த முனையில் ஐந்து ஐந்தாக இரு வரிசை. ஒரு முள் மட்டும் இருக்காது. ஒரு வரிசை ஒரு யூஎஸ்பி வாயில், நான்கு கம்பிகள். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, வெள்ளையும் பச்சையும் தரவு. கணினியை அணைத்த பிறகும் பல மதர்போர்டுகளில் அந்த 5 வோல்ட் உயிரோடு இருக்கும். அதனால் சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டே கைவையுங்கள். பொருத்தி முடித்ததும் முதல் வெளிவாயிலிலிருந்து முதல் உள்வாயிலுக்கு ஒரு கேபிளைப் போட்டு, ஆயிரம் சுரங்களை வேகமாக அனுப்பித் திரும்பி வந்தவற்றை எண்ணுங்கள். 999 வந்தாலும் அந்த ஆப்டோவின் இணைப்பை மறுபடி சால்டர் செய்யுங்கள்.