அர்சுலா லெ குவின்: தன் உலகுக்கே திரும்பிப் போன எழுத்தாளர்

அறிவியல் புனைகதைகளும் மாயாஜாலக் கதைகளும் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் லெ குவினின் புத்தகங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாசித்தும் மறுபடி வாசித்தும் வருகிறேன். அவரது வாழ்க்கையையும் எழுத்தையும் பற்றி நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அவர் மானுடவியலாளர் ஒருவரின் மகள் என்று படித்தேன். அது அவருடைய கதைகளில் தெரிகிறதா?

பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 1929 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். மூன்று அண்ணன்களுக்கு ஒரே தங்கை. தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர் கலிஃபோர்னியாவின் தொல்குடிகளை ஆராய்ந்தவர். யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷியுடன் பழகியவர். தாய் தியோடோரா, இஷியின் வரலாற்றை 1961இல் நூலாக எழுதினார்.

இஷி 1916இலேயே இறந்துவிட்டார். அர்சுலா அவரைப் பார்த்ததில்லை. நாபா பள்ளத்தாக்கில் இருந்த கோடைக்கால வீட்டுக்கு வந்து தங்கிய ஹுவான் டொலோரஸ், ராபர்ட் ஸ்பாட் என்ற இரு தொல்குடி மனிதர்களைத்தான் மாமன்மார் போலக் கருதி வளர்ந்தார். வேறு விதமாக யோசிக்கிற, வேறு விதமாக மௌனம் காக்கிற மனிதர்கள் தன் வீட்டு உணவு மேசையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த குழந்தை அவர். அதனால்தான் அவருடைய அயல்கிரகங்களில் எந்திரங்களுக்கு முன்பே மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். அங்கே யார் யாரோடு உண்கிறார்கள், எதைக் கேட்டால் அவமதிப்பாகிறது, குழந்தையை யார் வளர்க்கிறார்கள் என்பதெல்லாம் நமக்கு முதலில் தெரிந்துவிடும். விண்கலம் எப்படி ஓடுகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

இஷி என்ற சொல்லுக்கு அவர் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள். தன் சொந்தப் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. எர்த்சீ என்ற மந்திரவாதிகளின் கற்பனை உலகில் லெ குவின் எழுதிய கதைகளில் ஒருவரின் மெய்ப்பெயர் உயிருக்கு நிகரானது. அதை அறிந்தவருக்கு அவர்மீது ஆற்றல் கிடைத்துவிடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனாலும் என்னால் இப்போது அவற்றைப் பிரித்து வாசிக்க முடிவதில்லை.

கேள்வி: நான் எழுதி அனுப்பும் கதைகள் எல்லாம் திரும்பி வருகின்றன. அவருக்கும் இப்படி நடந்ததா?

நடந்தது, பல ஆண்டுகள் நடந்தது. பதினோரு வயதில் ஒரு அறிவியல் புனைகதை இதழுக்குக் கதை அனுப்பினார், திரும்பி வந்தது. 1951 முதல் 1961 வரை ஐந்து நாவல்கள் எழுதினார். பெரும்பாலும் ஒர்சினியா என்ற கற்பனை ஐரோப்பிய நாட்டில் நடப்பவை. ஒன்றையும் யாரும் வெளியிடவில்லை. முதல் நாவல் அச்சில் வந்த 1966இல் அவருக்கு வயது 36.

அதன் பிறகும் நிராகரிப்பு நிற்கவில்லை. 1968இல் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ கைப்பிரதியை ஒரு பதிப்பாசிரியர் படிக்கவே முடியாதது என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு வேறு பதிப்பகத்தில் வெளியாகி ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு அறிவியல் புனைகதை விருதுகளையும் அந்த நாவல் பெற்றது. அந்த நிராகரிப்புக் கடிதத்தை அவர் பிற்காலத்தில், அனுப்பியவரின் பெயரை மறைத்து, தன் இணையதளத்தில் வெளியிட்டார். திருப்பி அனுப்பப்பட்ட எழுத்தாளர்களுக்குத் தெம்பு கிடைக்கட்டும் என்பதே காரணம். உங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் செய்திருக்கிறார்.

கேள்வி: மூன்று குழந்தைகளோடு எப்போது எழுதினார்?

குழந்தைகள் தூங்கிய பிறகு, இரவில். 1953இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையோடு ஃபிரான்சுக்குக் கப்பலில் போனபோது வரலாற்றாய்வாளர் சார்ல்ஸ் லெ குவினைச் சந்தித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் திருமணம். 1959இல் ஒரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டில் குடியேறினார்கள். வாழ்நாள் முழுவதும் அந்த ஊர்தான். கணவர் வீட்டு வேலையிலும் குழந்தை வளர்ப்பிலும் பங்கெடுத்ததால்தான் எழுத முடிந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். வீடும் குழந்தைகளும் எழுத்துக்குப் பகை என்ற பேச்சை அவர் ஏற்கவே இல்லை.

கேள்வி: ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலைத் தமிழில் பெயர்க்க முயல்கிறேன். ‘அவர்’ என்று போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த நாவல் நடக்கும் கெத்தன் கிரகத்து மக்களுக்கு நிலையான பால் கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுகிறார்கள். ஒருவரே ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இன்னொன்றுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் ஆண்பால் பிரதிப்பெயரால் எழுதினார். வாசகர் மனத்தில் எல்லோரும் ஆண்களாகவே நின்றுவிட்டார்கள் என்று பெண்ணிய விமர்சகர்கள் கடிந்துகொண்டார்கள்.

1976இல் எழுதிய கட்டுரையில் தன் தேர்வை நியாயப்படுத்தினார். 1987இல் அதே கட்டுரையை மறுபடி வெளியிட்டபோது, பழைய வரிகளை அழிக்காமல் பக்கத்திலேயே தன் மறுப்புகளையும் எழுதிச் சேர்த்தார். தன் பிழையையும் திருத்தத்தையும் ஒரே பக்கத்தில் வாசகர் முன் வைக்கிற துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே கிரகத்தில் நடக்கும் ஒரு சிறுகதையைத் தொகுப்பில் சேர்த்தபோது எல்லோரையும் பெண்பாலில் குறிப்பிட்டு, ‘அரசர்’ போன்ற பட்டங்களை மட்டும் ஆண்பாலில் விட்டுவைத்தார்.

தமிழில் ‘அவர் வந்தார்’ என்றால் பால் தெரியாது. அந்த வகையில் நம் மொழி கொடுத்துவைத்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. பூமியிலிருந்து வரும் ஜென்லி ஐ என்ற தூதர்தான் கதையின் பெரும்பகுதியைச் சொல்கிறார். அவர் கண்ணுக்கு எல்லோரும் ஆண்களாகத் தெரிவதும், எஸ்த்ராவென் என்ற நண்பரைப் புரிந்துகொள்ள அவர் தவறுவதும் ஒரே கோளாறுதான். முழுக்க ‘அவர்’ என்று எழுதினால் அந்தக் கோளாறு மறைந்துபோகும். நானாக இருந்தால் ஜென்லியின் பகுதிகளில் தொடக்கத்தில் ‘அவன்’ என்று எழுதி, பனிப்பாழில் இருவரும் சேர்ந்து பயணம் போகும் இடத்தில் ‘அவர்’ என்று மாற்றுவேன். எழுதிப் பாருங்கள், சரிவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எர்த்சீ வரிசையின் நான்காம் நூல் ஏன் முதல் மூன்றைப் போல இல்லை? எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

உங்களைப் போலப் பலர் ஏமாந்தார்கள். நானும் முதல் வாசிப்பில் ஏமாந்தேன். 1968இல் வந்த முதல் நூலின் பிறப்பே எளிமையானது. வளரிளம் பருவத்தினருக்கு ஒரு புத்தகம் எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டார். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் வெண்தாடிக் கிழவர்களாயிற்றே, அவர்கள் சிறுவயதில் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்தார். கெட் பிறந்தான். அவனைச் செம்பழுப்பு நிறத்தவனாகப் படைத்ததும் எண்ணிச் செய்ததுதான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவனை வெள்ளையனாக்கியபோது பகிரங்கமாக எதிர்ப்பு எழுதினார்.

மூன்றாம் நூல் 1972இல் வந்தது. நான்காவதான ‘தெஹானு’ வந்தது 1990இல். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் தன் உலகில் ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. பெரிய மந்திரம் கற்பவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களின் மந்திரமோ அற்பமானது, கெட்டது என்று பழமொழியே உண்டு. அதை எழுதியவர் அவரேதான். எனவே கடலும் டிராகனுமாக விரிந்த கதையை ஒரு பண்ணை வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்தார். கணவனை இழந்த நடுவயதுப் பெண், தீயில் கருகிய ஒரு குழந்தை, ஆற்றலை எல்லாம் இழந்து திரும்பிவந்த கெட். நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடி வாசித்தபோதுதான் வரிசையிலேயே இதுதான் ஆகச் சிறந்தது என்று எனக்குத் தோன்றியது. 2001இல் இன்னும் இரண்டு நூல்கள் எழுதி, மரணம் குறித்துத் தான் மூன்றாம் நூலில் சொன்னதையும் மாற்றினார்.

கேள்வி: அரசியல் பேசுவாரா?

தயங்காமல் பேசுவார். அரசும் சொத்தும் இல்லாத சமூகத்தை ‘தி டிஸ்பொசெஸ்ட்’ நாவலில் (1974) கட்டினார். அதன் குறைகளையும் சேர்த்தே காட்டினார். 2014இல் அமெரிக்க தேசியப் புத்தக அறக்கட்டளை பதக்கம் கொடுத்தபோது, பதிப்பாளர்கள் நிறைந்த அரங்கிலேயே இலாப வெறியைக் கண்டித்தார். முதலாளித்துவத்திலிருந்து தப்ப முடியாது என்று தோன்றுகிறது, மன்னர்களின் தெய்வீக உரிமையும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது என்றார். அப்போது அவருக்கு வயது 85. 2018 ஜனவரி 22 அன்று போர்ட்லண்ட் வீட்டில் காலமானார்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. எதைக் கொடுக்கலாம்?

எர்த்சீயின் முதல் நூல். பிடித்தால் அடுத்து ‘தி டூம்ஸ் ஆஃப் அடுவான்’. இருளில் வளர்க்கப்பட்ட ஒரு சிறுமியின் கதை, அவள் வயதுக்கு நெருக்கமானது. ‘தெஹானு’வை இப்போது கொடுக்க வேண்டாம். அந்தக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைத் தாங்கும் வயது வரட்டும். அப்போது நீங்களும் கூடவே வாசியுங்கள்.